வெறும் தையல்காரர்தானாம்!

ஸ்டார் ட்ரெக் என்றாலே எல்லோரும் ஸ்பாக்கின் கூர்க்காதுகளைப் பற்றித்தான் பேச்செடுப்பார்கள். பேசட்டும். அந்தப் பிரபஞ்சம் முழுவதிலும் உனக்குப் பிடித்த ஒரே ஆளைச் சொல் என்றால், யோசிக்காமல் காரக் என்பேன். ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் ஆண்ட்ரூ ராபின்சன் நடித்த தையல்காரர். ஏழு சீசன், 176 எபிசோட். அதில் கால்வாசியில்கூட அவர் வரமாட்டார். தொடக்க இசையோடு வரும் நடிகர் பட்டியலிலும் அவர் பெயர் இருக்காது. ஆனால் அவர் இல்லாத எபிசோடுகளில் எனக்கு ஒரு கண் அந்தத் துணிக்கடைப் பக்கமே இருக்கும்.

கதை இதுதான். பேஜோர் கிரகத்தைப் பல பத்தாண்டுகள் அடிமைப்படுத்தி வைத்திருந்தவர்கள் கார்டாசியர்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன விண்வெளி நிலையத்தில், வெறுக்கப்பட்ட அந்த இனத்தின் ஆள் ஒருவர் மட்டும் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாடு கடத்தப்பட்ட உளவாளி என்று ஊரே முணுமுணுக்கிறது. அவரோ, அதெல்லாம் இல்லை, நான் சாதாரணத் தையல்காரன் என்கிறார், வாயெல்லாம் சிரிப்பாக.

அந்தச் சிரிப்பைத்தான் பார்க்க வேண்டும்! 1993இல் வந்த அறிமுகக் காட்சியில், இளம் டாக்டர் பாஷிரிடம் வலியப் போய்ப் பேசுகிறார். கிளம்பும்போது பின்னாலிருந்து அவருடைய இரண்டு தோள்களிலும் மெல்லக் கை வைக்கிறார். அவ்வளவுதான். பாஷிராக நடித்த அலெக்ஸாண்டர் சித்திக்குக்கு வியர்த்ததோ இல்லையோ, எனக்கு வியர்த்தது. அது நட்பா, மிரட்டலா, சரசமா? மூன்றும்தான். நெற்றியிலும் கழுத்திலும் அத்தனை ரப்பர் ஒட்டிய பிறகு நடிகருக்கு மிச்சம் இருப்பது கண்ணும் குரலும்தான். ராபின்சனுக்கு அவையே ஏராளம். 1971இல் ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கு எதிராக வெறிபிடித்த கொலைகாரனாக வந்து மிரட்டியவர் இவர். இங்கே அதே ஆபத்தை மரியாதைக்குள் மடித்து வைத்திருக்கிறார். முதலில் இதே தொடரின் ஓடோ பாத்திரத்துக்குத்தான் தேர்வுக்குப் போனாராம். அது ரெனே ஓபர்ஜொனுவாவுக்குப் போனது. ஓபர்ஜொனுவாவும் அபாரமான நடிகர்தான். இருந்தாலும், நல்லவேளை!

இரண்டாம் சீசனில் ‘தி வயர்’ என்ற எபிசோட். எனக்கு இது மனப்பாடம். காரக்கின் மூளைக்குள் ஒரு கருவி இருக்கிறது. எதிரிகளிடம் மாட்டினால் சித்திரவதையைத் தாங்குவதற்காக வைத்தது. நாடு கடந்த வாழ்வின் வலி பொறுக்காமல், அதை அவர் போதைபோல ஓயாமல் ஓட விட்டிருக்கிறார். இப்போது அது பழுதாகிறது. அறைக்குள் அடைந்துகொண்டு, காப்பாற்ற வந்த பாஷிர்மேல் சீறி விழுகிறார். இத்தனை நாள் பேசிய இனிப்புப் பேச்செல்லாம் உதிர்ந்து, உள்ளே இருக்கும் அவமானமும் ஆங்காரமும் வெளியே கொட்டும் அந்த நேரத்தில் ராபின்சன் செய்வதை எந்த மேடையிலும் வைக்கலாம். தான் ஏன் நாடு கடத்தப்பட்டேன் என்று ஒரு கதை சொல்கிறார். பிறகு வேறொன்று. பிறகு இன்னொன்று. எல்லாவற்றிலும் எலிம் என்றொருவன் வருகிறான். கடைசியில் தெரிகிறது, எலிம் என்பது அவருடைய சொந்தப் பெயரேதான். எது உண்மை என்று பாஷிர் கேட்க, எல்லாமே உண்மைதான், பொய்கள் இன்னும் கூடுதலாக, என்கிற தொனியில் ஒரு பதில். நான் கைதட்டிவிட்டேன்.

பிறகு 1998இல் ‘இன் த பேல் மூன்லைட்’. டொமினியன் என்ற எதிரியோடு நடக்கும் போரில், ராமுலன்கள் என்ற இன்னொரு இனத்தைத் தம் பக்கம் இழுத்தாக வேண்டும். நிலையத்தின் தலைவரான கேப்டன் சிஸ்கோ போலி ஆதாரம் தயாரிக்கக் காரக்கின் உதவியை நாடுகிறார். போலியைக் கண்டுபிடித்துவிட்ட ராமுலன் செனட்டர் ஊர் போய்ச் சேருமுன் அவருடைய விண்கலமே வெடிக்கிறது. குண்டு வைத்தவர் நம் தையல்காரர். கொதித்துப்போய் வந்த சிஸ்கோவிடம் அறை வாங்குகிறார். எழுந்து நின்று நிதானமாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்: இந்தக் காரியமெல்லாம் உங்களால் செய்ய முடியாது என்பதால்தானே என்னிடம் வந்தீர்கள்? சிஸ்கோவாக நடித்த ஏவ்ரி புரூக்ஸ் அந்த எபிசோடைத் தோளில் சுமக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு காட்சியில் கதாநாயகனின் மனசாட்சிக்கே விலை சொல்கிற தைரியம் ஒரு துணைப் பாத்திரத்துக்கு வாய்த்திருக்கிறது.

குறையே இல்லையா என்றால், உண்டு. இளம்பெண் ஸியாலோடு அவரைக் காதலில் கோத்துவிட்டது எனக்கு ஒட்டவே இல்லை. பாஷிரோடு மதியச் சாப்பாட்டு மேசையில் இலக்கியச் சண்டை போடும்போது இருக்கிற மின்சாரத்தில் பாதிகூட அங்கே கிடையாது.

ராபின்சன் அந்தப் பாத்திரமாகவே டயரிக் குறிப்புகள் எழுதி ரசிகர் கூட்டங்களில் வாசித்து வந்தார். அவை வளர்ந்து 2000இல் ‘எ ஸ்டிட்ச் இன் டைம்’ என்ற நாவலானது. நடித்து முடித்த பிறகும் அந்த ஆளை அவரால் விட முடியவில்லை. என்னாலும்தான்.

முதல் சீசன் கொஞ்சம் மந்தமாகத்தான் போகும். அதைக் காரணம் காட்டித் தொடரை மூடிவிடாதீர்கள். நேராக ‘தி வயர்’ எபிசோடைப் போடுங்கள். ‘இன் த பேல் மூன்லைட்’ மட்டும் அவசரப்பட்டு முன்னாலேயே பார்த்துவிட வேண்டாம். ஆறாவது சீசன்வரை காத்திருந்து, போரின் களைப்பு உங்களுக்கும் ஏறிய பிறகு பாருங்கள்.