துளைக்கு முன்னால் ஒரு கேள்வி

நிலத்துக்கு அடியில் கரி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் துளை போடுகிறார்கள். அந்த நிலத்தில் யார் வாழ்ந்தார்கள், எதை விட்டுப்போனார்கள் என்று துளைக்கு முன்னால் பார்ப்பதில்லை. நான் நிலவியல் படித்தவனில்லை, தமிழ் எம்.ஏ. ஒரு பிரதியில் எழுதப்பட்டதை மட்டுமல்ல, எழுதாமல் விட்டதையும் வாசிக்க வேண்டும் என்பதைத் தலித் அரசியல்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. சட்டத்தையும் அப்படி வாசிக்கலாம்.

ஜார்கண்டின் ஹசாரிபாக் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கு கரன்புரா பள்ளத்தாக்கின் அடியில் கரி. மேலே இஸ்கோவின் பாறை ஓவியங்கள். 1991இல் புலு இமாம் இவற்றை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். பக்ரி பர்வாதியில் பெருங்கற்கள். கவட்டை போல விரிந்து நிற்கும் இரண்டு கற்களுக்கு நடுவே, பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் எழும். அதைப் பார்க்க இன்றும் ஜனங்கள் கூடுகிறார்கள். அந்த ஊரின் பெயரிலேயே என்.டி.பி.சி.யின் திறந்தவெளிச் சுரங்கமும் இருக்கிறது.

இந்த வட்டாரத்துப் பெண்கள் அறுவடைக்குச் சோராய், கல்யாணத்துக்குக் கோவர் என்று மண்சுவரில் சித்திரம் எழுதுகிறார்கள். குர்மி, முண்டா, ஒராவோன் பெண்களோடு பட்டியல் சாதிகளான புய்யா, துரி பெண்களும் எழுதுகிறார்கள். பாறையில் உள்ள உருவங்களின் சாயல் இந்தச் சுவர்களில் இருப்பதை இமாம் காட்டியிருக்கிறார். 2020இல் இந்த ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். ஓவியத்துக்குச் சான்றிதழ், சுவர் நிற்கிற மண்ணுக்குத் தோண்டும் இயந்திரம். இந்த முரணைச் சட்டத்திலேயே பார்க்கலாம்.

1957ஆம் ஆண்டின் நிலக்கரிப் பரப்புகள் கையகப்படுத்தல் சட்டப்படி, அரசு அறிவிக்கை வெளியிட்டாலே அதிகாரிகள் நிலத்தில் இறங்கித் துளை போடலாம். 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் பட்டியலில் ஏறியதைத்தான் காக்கும். 2010 திருத்தப்படி பட்டியலில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. பட்டியலில் இல்லாத கல்லுக்கு ஒரு மீட்டர்கூடக் கிடையாது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், பின்னால் வந்த திருத்தத்தோடு, கனிமத் தேடலுக்கு விலக்கு. 2023இல் திருத்திய வனச் சட்டமோ, காட்டுக்குள் நடக்கும் கனிமத் தேடலை வனம்சாராப் பயன்பாடாகக் கருதாமல் விட மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டது. ஆக, பட்டியலுக்கு வெளியே கிடக்கிற இடத்துக்காகத் துளைபோடும் கட்டத்தில் வாய் திறக்க இவற்றில் வழியில்லை.

“நாலு அங்குலத் துளைதானே, அதிலே என்ன போச்சு?” என்பார்கள். துளை தனியாக வராது. லாரி போக வழி வெட்டவேண்டும். எந்திரம் நிற்கத் தரையை மட்டப்படுத்தவேண்டும். சேற்றுநீருக்குக் குழி வேண்டும். இடைவெளிவிட்டு இதே வேலை பல இடங்களில் நடக்கும். கரி ஆழத்தில் கிடக்கிறது. மனுசன் விட்டுப்போன பானையோடும் எலும்பும் மேல்மண்ணில் கிடக்கின்றன. கரிக்காரனுக்கு அந்த மேல்மண் கழிவு. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. இத்தனை டன் கரி என்று கணக்கு வந்துவிட்டால் நிலத்துக்கு விலை வந்துவிடும். அப்புறம் கல் ‘தடை’யாகிவிடும். அதனால்தான் மதிப்பீடு துளைக்குப் பின்னால் வந்தால் அது வெறும் சடங்கு.

கோயில், கோட்டை, அரண்மனை என்றால் பட்டியலில் ஏற ஆள் இருக்கிறது. கல்வெட்டு வெட்டாதவர்களின் கல்லுக்கு யார் இருக்கிறார்கள்? இதில் நம் தமிழ் அறிவுலகமும் சளைத்ததில்லை. முதுமக்கள் தாழி கிடைத்தால் ‘தமிழன் தொன்மை’ என்று துள்ளுகிறோம். அந்த மேட்டுப் பக்கத்திலேயே தலைமுறை தலைமுறையாகப் பிணம் புதைத்துவரும் சேரிக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு நிலக்கரி வட்டாரங்களை ஏலத்தில் வைத்தபோது டெல்டா கொதித்தது. நியாயம். ஏப்ரலில் மூன்றையும் நீக்கினார்கள். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு மாநிலமே நின்றது. நிலமெடுப்பை எதிர்த்து ஹசாரிபாக் மாவட்டம் பர்காகானில் நின்றவர்கள் மேல் 2016 அக்டோபர் 1 அன்று போலீஸ் சுட்டது. நாலு பேர் செத்தார்கள்.

‘பாரம்பரியம் காப்போம்’ என்கிறவர்களிடமும் எனக்கு விமர்சனம் உண்டு. கல்லுக்கு வேலி போட்டுவிட்டு ஆளை வெளியேற்றினால் அதுவும் அபகரிப்புதான்.

என்ன செய்யணும்? பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் முதலில் பார்க்கட்டும். அறுவடை முடிந்து தரை தெரிகிற காலத்தில் நிலத்தை நடந்தே பார்க்கட்டும். கிழவிகளிடமும் குழிவெட்டுகிறவர்களிடமும் உட்கார்ந்து, மேடு, பாறை, புதைகாடு இவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதட்டும். அந்த வாய்மொழியும் சாட்சியம்தான். அதன்பிறகே துளைப்புள்ளியைக் குறிக்கட்டும். தேவையானால் தள்ளிக் குறிக்கட்டும். எந்திரம் ஓடும்போது தொல்லியல் தெரிந்தவர் பக்கத்தில் நிற்கவேண்டும், நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தோடு. செலவு கம்பெனியுடையது, ஆள் கம்பெனியுடையவராக இருக்கக்கூடாது. அறிக்கையை ஊர்ப் பாஷையில் கிராமசபையில் வாசிக்கவேண்டும். வேண்டாம் என்று சபை சொன்னால் துளை போடக்கூடாது. இந்தக் கடைசி வாக்கியம் சட்டமாகிற வரைக்கும் மற்றதெல்லாம் சலுகைதான். நாம் கேட்பது உரிமை.