காசைப் பார்க்கும் முன் உறையைப் படியுங்கள்

பழைய காசு சேர்க்கிறேன் என்று சொன்னதும் கேட்பவர் முகத்தில் ஒரு பளபளப்பு வரும். "வைஷ்ணோ தேவி அஞ்சு ரூபா காசு லட்சத்துக்குப் போகுதாமே, உங்ககிட்ட இருக்கா?" 2012இல் வெளியிட்ட சில்லறை அது; கடையில் கொடுத்தால் அஞ்சு ரூபாய்க்குத்தான் போகும். இந்தப் புரளியை வைத்து, ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே கமிஷனும் வரியும் கேட்டு ஏமாற்றும் கும்பல் கிளம்பி, 2021 ஆகஸ்ட்டில் அந்த வங்கியே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. விலை பேசும் வீடியோக்கள் இந்தக் கலைக்குச் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. நல்ல ரசனையுள்ள இளைஞர்கள் இது சூதாட்டமென்றோ, ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்கென்றோ ஒதுங்கிவிடுகிறார்கள்.

அதுவும் நெல்லிக்குப்பத்தில் இருந்துகொண்டு ஒதுங்கலாமா? ஊருக்கு வடக்கே ஓடுகிற இதே பெண்ணையாறுதான் மேலே திருக்கோவிலூரில் மலையமான்களின் சங்ககாலக் காசுகளைத் தந்தது. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் வாங்கினார்கள்; கிழக்கிந்தியக் கம்பெனியின் காசும் இந்தப் பக்கம் புழங்கியது. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையின் பெயரில் ஒரு தங்க வராகனே உண்டு: ஒரு பக்கம் திருமால், மறுபக்கம் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காசை விளிம்பில் பிடியுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் சின்ன மின்னணுத் தராசும் போதும். புளி போட்டுத் தேய்க்கவே கூடாது; செம்பின் மேல் படிந்த பச்சைதான் அதன் தோல். பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் காசைப் பிசுபிசுப்பாக்கிவிடும். அமிலமில்லாத காகித உறை நல்லது. இவ்வளவுதான் பாடம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காசுகளில் இரண்டே சாதி: கிடைத்த இடம் தெரிந்தது, தெரியாதது. தங்கம், வெள்ளி, செம்பு, சோழர், பாண்டியர் என்று பிரிப்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

1808ஆம் ஆண்டின் பத்துக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணத்துக்காக பர்மிங்காமில் மாத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலையில் அடித்த செப்புக்காசு. முன்பக்கம் கம்பெனியின் சின்னம், இருபுறமும் சிங்கம். பின்பக்கம் பாரசீக எழுத்து. இதை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை அள்ளி எடுத்தார்கள். எழுத்து தேயாத அந்தக் காசுகள் இன்றும் உலகச் சந்தையில் சல்லிசாகக் கிடைக்கின்றன. அதே 1808 காசு கடலூரில் பழைய பித்தளை வாங்குகிற கடையின் டப்பாவிலும் வரும். சிங்கத்தின் கால் மழுங்கி, ஆண்டின் கடைசி எண் தடவித்தான் தெரியும். பட்டியலில் இரண்டுக்கும் ஒரே எண். தரம் பார்ப்பவர்கள் முதலாவதற்கு உயர்ந்த மதிப்பெண் போட்டு, இரண்டாவதை 'தேய்மானம்' என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. முதலாவது ஒரு கீரைக்கட்டுகூட வாங்கியதில்லை. இரண்டாவது நம் சந்தைகளில் கைமாறிக் கைமாறித் தேய்ந்தது. ஆனால் இந்த வேறுபாடெல்லாம் உறையில் "கடலூர், பாத்திரக் கடை" என்று எழுதியிருக்கும் வரைதான். எழுதாமல் விட்டால் அதுவும் வெறும் தேய்ந்த செம்பு.

மலையமான் காசும் இப்படித்தான். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் ஆறும் மீனும். பெண்ணையாற்று மணலில் கிடைத்தது என்று தெரிந்தபிறகுதான் அந்த ஆறு எந்த ஆறு என்று துணிந்து சொல்ல முடிகிறது.

கூட்டமாகக் கிடைத்ததைப் பிரிப்பது அதைவிடக் கொடுமை. புதுக்கோட்டைப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் மேல் உளிவெட்டு. ஒரே ஒரு காசில் வெட்டைப் பார்த்தால் ஏதோ விபத்து என்று விட்டுவிடுவோம். நூற்றுக்கணக்கில் சேர்த்துப் பார்க்கும்போதுதான் யாரோ வேண்டுமென்றே செய்தது என்று புரிகிறது.

உங்களிடம் மட்டும் இதைச் சொல்கிறேன். பெரிய தொகுப்பு வைத்திருக்கிற பலர், எது எங்கே கிடைத்தது என்பதைத் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அவர்கள் போனால் அதுவும் போயிற்று. பிள்ளைகள் மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய் எடைக்குக் கொடுப்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்?

பிள்ளை அமெரிக்காவில் இருந்தால் இன்னும் சிக்கல். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு எடுத்துப்போகக் கூடாது. ஐந்தாம் ஜார்ஜின் 1918 வெள்ளி ரூபாய்க்கும் இதே கதிதான். மண்ணுக்குள் கிடைத்த புதையலோ, 1878 சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டியது. லாக்கருக்கு நாமினி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. நாமினி எடுத்துக்கொள்ளலாம், சொத்து வாரிசுகளுடையது. உயில் எழுதுங்கள். இரட்டைப்படியாக உள்ளவற்றை இப்போதே விற்றுவிடுங்கள். ஒரே இடத்தில் கிடைத்த கூட்டத்தைப் பிரிக்காமல் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். பிரிக்கக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட மேலான வழி, அச்சில் ஏற்றுவது. வால்டர் எலியட் தென்னிந்தியக் காசுகள் பற்றிய நூலை 1886இல் வெளியிட்டு, மறு ஆண்டே காலமானார். தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி சங்ககாலக் காசுகளைத் தேடித் தேடிச் சேர்த்ததோடு நிற்காமல் படமும் எடையும் போட்டு நூல்களாக்கினார். 2021இல் அவர் மறைந்தார். 'பெருவழுதி' என்று தமிழி எழுத்துப் பொறித்த பாண்டியர் காசைப் படிக்க விரும்பும் மாணவனுக்கு அவர் நூல் இன்றைக்கும் கைகொடுக்கிறது. நமக்குப் புத்தகம் போட வசதி இல்லாவிட்டாலும், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து, காசைத் தொடுவதற்கு முன் உறையை எடுங்கள். எங்கே, எப்போது, எந்தக் கடையில், எவ்வளவுக்கு என்று எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும்; பென்சிலால் எழுதுங்கள்.