கிரெட்டா எலக்ட்ரிக் வாங்கலாமா? முதல்ல கரண்ட் பில்லை எடுங்க

எலக்ட்ரிக் கார் வாங்க யோசிக்கிறவங்க எல்லாரும் முதல்ல கேட்கிறது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்றுதான். என் பட்டியலில் அந்தக் கேள்விக்கு மூணாவது இடம். முதல் கேள்வி: ராத்திரி கார் நிக்கிற இடத்துல உங்க மீட்டரிலிருந்து வர்ற ஒரு பிளக் இருக்கா? இரண்டாவது: மாசத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுறீங்க? இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாம எந்த எலக்ட்ரிக் எஸ்யூவியையும் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

இந்தப் பதிவுக்கு எடுத்துக்கிட்டது ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக். காரணம் எளிது. ஐந்து பேர் உட்காருகிற நடுத்தர அளவுக் குடும்பக் கார். இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாராகிறது. பெட்ரோல் கிரெட்டா 2015லிருந்து நம்ம ரோட்டில் ஓடுது, அதனால ஒப்பிட்டுப் பார்க்கவும் வசதி.

காகிதத்தில் உள்ளவை

2025 ஜனவரியில் அறிமுகமானபோது விலை 17.99 லட்சத்தில் ஆரம்பித்து 23.50 லட்சம் வரை இருந்தது (எக்ஸ்-ஷோரூம்). பேட்டரி ரெண்டு அளவு: 42 கிலோவாட்-மணி, 51.4 கிலோவாட்-மணி. இந்தக் கிலோவாட்-மணி வேற ஒண்ணுமில்லை, நம்ம கரண்ட் பில்லில் வர்ற அதே யூனிட்தான். பெரிய பேட்டரி முழுசா நிறைஞ்சா உள்ளே 51 யூனிட் கரண்ட் இருக்கு, அவ்வளவுதான்.

அறிமுகத்தின்போது நிறுவனம் சொன்ன தூரம் சின்னதுக்கு 390 கி.மீ., பெரியதுக்கு 473 கி.மீ. இது சோதனைக்கூடத்தில் அளக்கிற கணக்கு. ஏசி போட்டுக்கிட்டு நாலு பேரோட ஊருக்குள்ள ஓட்டினா யூனிட்டுக்கு 7 கி.மீ., நாலு வழிச்சாலையில் 100 வேகத்தில் போனா 6 கி.மீ. என்று வெச்சுக்கறது பாதுகாப்பு. அப்படிப் பார்த்தா பெரிய பேட்டரி ஊருக்குள்ள 360, ஹைவேயில் 300 கி.மீ. சின்னது ஹைவேயில் 250தான். இனி இந்தப் பதிவில் வர்ற கணக்கெல்லாம் இந்த எண்களை வெச்சுத்தான்.

கரண்ட் பில் கணக்கு

"கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது" என்று ஷோரூமில் சொல்லுவாங்க. யூனிட் 4, 5 ரூபாய் என்று வெச்சுப் போட்ட கணக்கு அது. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் அப்படி நேர்கோட்டில் போறதில்லை. ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள்ள இருந்தா அடுத்த 100க்கும் பெரிய சலுகை உண்டு. 500ஐத் தாண்டினா அந்தச் சலுகை போயிடும். தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், 600க்கு மேல் ஒன்பதரை அளவில், 800க்கு மேல் பத்தரை அளவில் போகும். கார் குடிக்கிற கரண்ட் எப்பவும் இந்த மேல் படிகளில்தான் போய் உட்காரும்.

உதாரணம். உங்க வீடு இப்ப ரெண்டு மாசத்துக்கு 400 யூனிட் எடுக்குது; பில் சுமார் 1,200 ரூபாய். காரை மாசம் 1,500 கி.மீ. ஓட்டுறீங்க. சார்ஜ் ஏறும்போது வீணாகிறதையும் சேர்த்தா மாசம் 235 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 470. மொத்தம் 870 யூனிட். பில் சுமார் 5,500 ரூபாய். அதாவது காருக்குப் போன யூனிட் ஒவ்வொன்றும் 9 ரூபாய்க்கு மேல். கிலோமீட்டருக்கு 1.45 ரூபாய்.

ஷோரூம் சொன்னதைவிட அதிகம், ஆனாலும் பெட்ரோலுக்குப் பக்கத்தில்கூட வரலை. லிட்டருக்கு 13 கி.மீ. கொடுக்கிற பெட்ரோல் ஆட்டோமேட்டிக், லிட்டர் 100 ரூபாய் என்று வெச்சா கிலோமீட்டருக்கு 7.70. மாசம் 1,500 கி.மீ.க்கு 11,500 ரூபாய் எங்கே, 2,200 ரூபாய் எங்கே! வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம். இதே அளவு வசதியுள்ள பெட்ரோல் காரைவிட எலக்ட்ரிக்குக்கு 3.5 லட்சம் கூடுதலா கொடுக்கிறீங்கன்னா, மூணே கால் வருஷத்தில் அது திரும்ப வந்துடும்.

இப்ப அதே கணக்கை மாசம் 600 கி.மீ. ஓட்டுறவருக்குப் போடுங்க. மிச்சம் மாசம் 3,800 ரூபாய். அந்த 3.5 லட்சம் திரும்ப வர ஏழரை வருஷம் ஆகும். பேட்டரி உத்தரவாதமே 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கி.மீ.தான். பணத்தை மட்டும் பார்த்தா இவருக்கு இந்தக் கார் தேவையே இல்லை. சத்தமில்லாத ஓட்டம், கியர் மாத்துற தொல்லை இல்லாதது, இதுக்காக வாங்கலாம், தப்பில்லை. ஆனா "சிக்கனம்" என்று மனசைத் தேத்திக்க வேண்டாம்.

வீட்டில் பிளக் இல்லாதவர் கதை வேற. வெளியில் ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20லிருந்து 25 ரூபாய் வரை ஆகும். ஹைவே ஓட்டத்துக்கு அது கிலோமீட்டருக்கு மூன்றரை, நாலு ரூபாய். நல்லா ஓட்டினா டீசல் கிரெட்டா ஐந்தரை ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். இந்தச் சின்ன வித்தியாசத்துக்காக வாரம் ரெண்டு தடவை சார்ஜர் வாசலில் ஒரு மணி நேரம் காத்துக் கிடக்கிறது எந்தக் குடும்பத்துக்கும் ஒத்து வராது. அடுக்குமாடியில் இருக்கிறவங்க முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி சங்கத்திடம் பார்க்கிங் பிளக்குக்கு எழுத்தில் அனுமதி வாங்கிடுங்க. "அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்பது அனுமதி இல்லை.

73,000 ரூபாய் சார்ஜர் வேணுமா?

அறிமுகத்தின்போது சுவரில் மாட்டுகிற 11 கிலோவாட் சார்ஜருக்குத் தனியாக 73,000 ரூபாய் வெச்சாங்க. அது முழு வேகத்தில் ஓட மூணு ஃபேஸ் இணைப்பு வேணும். பல வீட்டில் இருக்கிறது ஒரே ஃபேஸ். ஏசிக்குப் போடுற மாதிரி ஒரு 15 ஆம்பியர் பிளக்கும் போர்ட்டபிள் சார்ஜரும் இருந்தா மணிக்கு சுமார் 3 யூனிட் ஏறும். தினம் 50 கி.மீ. ஓட்டுறவருக்குத் தேவை 8 யூனிட். மூணு மணி நேரம் போதும். தூங்கி எழுந்திரிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். அந்தப் பணத்தில் கொஞ்சத்தை மீட்டரிலிருந்து தனி வயர் இழுக்கவும், எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வெச்சுப் பார்க்கவும் செலவு பண்ணுங்க. பல மணி நேரம் விடாம கரண்ட் இழுக்கிற சாமான் இது. பழைய வயரிங்கில் சொருகக் கூடாது.

சென்னையிலிருந்து மதுரை

பண்டிகைக்கு ஊருக்குப் போகாத குடும்பம் ஏது? சுமார் 460 கி.மீ. பெரிய பேட்டரி முழுசா நிறைச்சுக் கிளம்புறீங்க. 50 கிலோவாட் சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80க்கு 58 நிமிஷம் என்று ஹூண்டாய் சொல்லுது. அந்த நேரத்தில் ஏறுவது சுமார் 36 யூனிட்.

காகிதத்தில் ஒரே நிறுத்தம் போதும். பெரம்பலூர் வரைக்கும் 270 கி.மீ. ஓட்டி, 12 சதவீதத்தில் நிறுத்தி, ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டு மதுரை போயிடலாம். ஆனா அங்கே சார்ஜர் வேலை செய்யலைன்னா? கையில் இருக்கிற ஆறு யூனிட்டுக்கு 38 கி.மீ. போகலாம். திருச்சி 55 கி.மீ. தள்ளி. குழந்தைகளோட, ராத்திரியில், நடு ரோட்டில்.

அதனால ரெண்டா பிரிங்க. உளுந்தூர்பேட்டையில் (சுமார் 200 கி.மீ.) 35 சதவீதம் இருக்கும்போதே நிறுத்தி 80 வரைக்கும் ஏத்துங்க: 40 நிமிஷத்துக்குள்ள முடியும். சாப்பாட்டுக்கே அவ்வளவு ஆகும். திருச்சியில் 20 நிமிஷம், ஒரு காபி. மொத்த சார்ஜ் நேரம் அதே ஒரு மணிதான். ஆனா ரெண்டு இடத்திலும் சார்ஜர் கைவிட்டா அடுத்த ஊருக்குப் போக 100 கி.மீ.க்கு மேல் கையிருப்பு இருக்கும். பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் சார்ஜரில் வரிசை நிக்கும், அதுக்கு மேலும் ஒரு மணி நேரம் ஒதுக்கணும்.

42 யூனிட் பேட்டரியில் இந்தப் பயணத்துக்கு ரெண்டு நீண்ட நிறுத்தம் கட்டாயம். வீட்டில் இன்னொரு கார் இருந்தா மட்டும் அதை யோசிங்க.

காராகப் பார்த்தால்

ஓட்ட நல்ல கார். பெரிய பேட்டரியில் 171 குதிரைத்திறன். 100 வேகத்தை 7.9 விநாடியில் தொடும் என்பது நிறுவனக் கணக்கு. குடும்பக் காருக்குத் தேவைக்கு மேலேயே. ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் உண்டு. பட்டன்களும் திரைகளும் கிரெட்டா ஓட்டினவங்களுக்குப் புதுசாத் தெரியாது.

அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கு. இது எலக்ட்ரிக்குக்காகவே வரைஞ்ச கார் இல்லை, பெட்ரோல் கிரெட்டாவுக்குள் பேட்டரி வெச்சது. சக்கர இடைவெளி அதே 2,610 மி.மீ. பேட்டரி அடியில் உட்கார்ந்ததால் பின்சீட்டில் தரை உயர்ந்து, முழங்கால் தூக்கி நிக்குது, தொடைக்குத் தாங்கல் குறையுது. டெஸ்ட் டிரைவில் எல்லாரும் ஓட்டுநர் சீட்டையே பிடிச்சுக்குவோம். வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பின்னாடி அரை மணி நேரம் உட்கார வைங்க. தீர்ப்பு அவங்க சொல்லட்டும். டிக்கி 433 லிட்டர், பெட்ரோலுக்குச் சமம். முன்பக்கம் 22 லிட்டர் குழி ஒண்ணு இருக்கு. சார்ஜ் கேபிளுக்கு ஆகும்.

எலக்ட்ரிக்காவே பிறந்த மஹிந்திரா பிஇ 6ஐ இதே பணத்துக்குப் பக்கத்தில் பார்க்கலாம். பேட்டரி 59, 79 யூனிட். பெரிய பேட்டரி 175 கிலோவாட் சார்ஜரில் 20லிருந்து 80 சதவீதம் வர 20 நிமிஷம்தான் என்று சொல்றாங்க. அந்த வேகம் அந்த மாதிரி சார்ஜர் கிடைச்சால் மட்டும். 60 கிலோவாட் சார்ஜரில் நின்னா அந்தப் பெருமை இல்லை. மோதல் சோதனையில் பிஇ 6, டாடா கர்வ் ஈவி ரெண்டும் பாரத் என்கேப்பில் 5 நட்சத்திரம். புதுப்பிப்புக்கு முந்தைய பெட்ரோல் கிரெட்டா 2022இல் குளோபல் என்கேப்பில் 3தான் வாங்கிச்சு. அது வேற கார். ஆனா நீங்க வாங்குற மாடலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கூச்சப்படாம கேளுங்க.

யாருக்கு, யாருக்கு இல்லை

சொந்த பிளக், மாசம் 1,200 கி.மீ.க்கு மேல் ஓட்டம், வருஷத்துக்கு நாலைந்து ஊர்ப்பயணம்: 51.4 பேட்டரியை தைரியமா எடுங்க. சுவர் சார்ஜரை விட்டுடுங்க.

பிளக் உண்டு, ஓட்டம் குறைவு: பெட்ரோலே போதும்.

பிளக் இல்லை: எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

பின்சீட்டில் எப்பவும் பெரியவங்க: பிஇ 6, கர்வ், கிரெட்டா மூணிலும் உட்கார்ந்து பார்க்காம முடிவெடுக்காதீங்க.

கையெழுத்துப் போடும் முன் டீலரிடம் எழுத்தில் வாங்க வேண்டியது மூணு. பேட்டரி எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனா உத்தரவாதத்தில் மாத்துவாங்க? போர்ட்டபிள் சார்ஜர் விலையில் அடங்குமா? சாலை வரி எவ்வளவு? மூணாவதைச் சாதாரணமா விடாதீங்க. தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை 100 சதவீத வரி விலக்கை 2025 டிசம்பர் 31 வரைக்கும்தான் சொன்னது. நீங்க பதிவு செய்யுற தேதியில் என்ன நிலை என்று பார்த்துக்குங்க. இந்த விலைக் காருக்கு அந்த ஒரு வரி லட்சக்கணக்கில் வரும். மேலே போட்ட மூணே கால் வருஷக் கணக்கையே அது மாத்திடும்.