பட்டினியும் உரித்தும்: அமர்த்தியா சென்னின் ஒரு நூலை முன்வைத்து

தவணைப் பரீட்சையில் ‘வறுமைக்கான காரணங்களைத் தருக’ என்றொரு வினா கொடுத்திருந்தேன். ‘சோம்பல்’ என்று எழுதிய மாணவனுக்கு முழுப் புள்ளியும் வழங்கினேன். அவனது வாப்பா சுபஹுக்கு முன்பே கடலுக்குப் போகிறவர் என்பது பிறகுதான் நினைவில் தட்டியது. அந்தக் கூச்சத்தோடு, 1981இல் வெளிவந்த சென்னின் ‘வறுமையும் பஞ்சங்களும்’ நூலை மீண்டும் எடுத்தேன்.

விளைச்சல் பொய்த்தால் பஞ்சம் வரும் என்றே ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் படித்தோம். சென் அதை 1943ஆம் ஆண்டு வங்காளத்தை வைத்து மறுக்கிறார். அவரது கணக்கின்படி அவ்வருடம் அங்கிருந்த உணவு, பஞ்சமே இல்லாத 1941ஐ விட 13 வீதம் அதிகம். ஆயினும் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் மாண்டனர். 1942 டிசம்பரில் மணங்கு 13, 14 ரூபாய் விற்ற அரிசி 1943 ஆகஸ்டில் 37 ரூபாயானது. வயற் கூலியின் சம்பளம் அவ்விதம் ஏறவில்லை. முடிதிருத்துவோரைத் தேடி எவரும் வரவில்லை. யப்பானியர் கைக்குப் போய்விடுமென்று படகுகளை அரசு பறித்ததால் மீனவர் தொழிலிழந்தனர். யுத்தத்துக்குத் தேவைப்பட்ட கல்கத்தாவுக்கு மலிவு அரிசி கிடைத்தது, கிராமம் கைவிடப்பட்டது. அரிசி இருந்தது, அதைப் பெறும் வழி இருக்கவில்லை. அந்த வழியைத்தான் சென் ‘உரித்து’ என்கிறார்.

இங்குதான் எமது சிறுகதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டியுள்ளது. எமது ஏழைகள் பெரும்பாலும் கதை தொடங்கும்போதே ஏழைகள். கல்நெஞ்சுக்காரப் பணக்காரர் ஒருவர் வருவார், கடைசிப் பந்தியில் கண்ணீர் வரும். கூலி எப்போது குறைந்தது, வலை யாரிடம் ஈட்டில் இருக்கிறது என்ற கேள்விகள் எழுவதில்லை. வறுமைக்கு ஒரு வரலாறு உண்டென்பதைக் கதை மறந்துவிட்டால், வாசகன் இரக்கப்படுவான். ஆனால் எதையும் விளங்கிக்கொள்ள மாட்டான்.

சென்னிடமும் எனக்கொரு குறை உண்டு. மனிதர் பள்ளத்தில் விழும் விதத்தை அவர் நுணுக்கமாகக் காட்டுகிறார். பள்ளத்தைத் தோண்டியவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 1793இன் நிரந்தரக் குத்தகை முறை வங்காளக் குடியானவனை ஜமீன்தாருக்குக் கீழ்ப்படுத்திய கதையையும் சேர்த்துப் படித்தால்தான், அந்தக் கூலிக்காரனிடம் ஏன் ஒரு பிடி நிலமும் இருக்கவில்லை என்பது முழுதாக விளங்கும்.

இருப்பினும் இந்நூல் பழசாகிவிடவில்லை. 2022 ஆகஸ்டில் எமது நாட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கடலில் மீன் குறைந்துவிடவில்லை. ஆனால் இயந்திரத்துக்கு எண்ணெய் அடிக்க இயலாத சிறு தோணிகள் கரையில் கிடந்தன. சென் எழுதியதை நான் என் கடற்கரையிலேயே வாசித்தேன்.

அடுத்த தவணையில் வினாவை மாற்றினேன்: ‘ஒரு மீனவர் வீட்டில் சோறு எவ்வெவ்வாறு குறையக்கூடும்?’ அதே மாணவன் எண்ணெய் விலை, முதலாளியிடம் பட்ட கடன், ஐஸ் இல்லாமல் பழுதாகும் மீன் என்று எழுதிக்கொண்டே போய், மேலதிகத் தாளும் கேட்டான். ‘சோம்பல்’ என்ற சொல் அதில் எங்கும் இருக்கவில்லை.