ராடு பிடிக்கும் கை

ராதாபுரம் பக்கம் ஆடிக் காற்று காற்றாலைக்குக் கொண்டாட்டம், மிக் வெல்டிங்குக்குத் திண்டாட்டம். உருகிய இரும்பைக் காக்கும் வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும். முற்றத்தில் பழகுகிறவருக்கு ராடு வெல்டிங்தான் தோது. ராடின் மேல்பூச்சே எரிந்து, புகையாகவும் கசடாகவும் மூடிக் காக்கிறது.

சின்ன இன்வெர்ட்டர் மிஷின், 2.5 மி.மீ. ராடு, சுமார் 70 ஆம்பியர் மின்னோட்டம், 3 மி.மீ. இரும்புப் பட்டை இரண்டு துண்டு: தொடங்க இது போதும். தீக்குச்சி கிழிக்கிற மாதிரி உரசினால் பொறி பிடிக்கும். தாமதித்தால் ராடு ஒட்டிக்கொள்ளும். பிடித்த பிறகு காதுதான் வாத்தியார். சடசடவென்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் கை சரி; விட்டுவிட்டு வெடித்தால் ராடு தூரப் போய்விட்டது. கண் மட்டும், ராடின் பின்னால் ததும்பும் உருகிய இரும்பிலேயே இருக்க வேண்டும்.

கறுப்புக் கண்ணாடி பதித்த வெல்டிங் முகமூடி, தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை கட்டாயம். ஜி.ஐ. பைப்பைப் பழகும்போது தொடவே வேண்டாம். அதன் துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும்.

ஆறியபின் சுத்தியலால் தட்டினால், நல்ல வேலையில் கசடு முழுசாக உரிந்து வரும். அடியில் வரிவரியாக இரும்பு பளபளக்கும். கூடங்குளம் அணு உலையும் மகேந்திரகிரி ராக்கெட் இஞ்சின் சோதனைக்கூடமும் இருக்கிற தாலுகா இது. அந்த மாதிரி இடங்களில் பற்றவைப்பைக் கதிர்ப்படம் எடுத்துத்தான் தேர்வு செய்வார்கள். ஆட்டுக்கொட்டில் கதவுக்கு நம் சுத்தியல் சொல்வதே தீர்ப்பு.