அரியலூர் அம்மோனைட்டும் போல்ட்ஸ்மனின் பாதிப் பதிலும்

அரியலூர் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரியில சுட்டா, கார்பன் டை ஆக்சைடு பிரிஞ்சு சுண்ணாம்பு மிஞ்சும். அதைத் தண்ணியில கரைச்சு வெள்ளையடிச்சா, காற்றிலிருந்து அதே வாயுவை இழுத்துக்கிட்டு மறுபடி கால்சியம் கார்பனேட்டா ஆகிடும். பொருள் திரும்பி வருது. ஆனா கல்லுக்குள்ள இருந்த கிரெட்டேசியஸ் கால அம்மோனைட்டின் சுருள் வராது. ஏன்?

மூலக்கூறுகளின் மோதலை வைத்தே என்ட்ரோபி குறையாது என்று 1872-இல் போல்ட்ஸ்மன் நிறுவினார். 1876-இல் லோஷ்மிட் மடக்கினார்: எல்லா வேகங்களையும் அப்படியே திருப்பிவிட்டால், நியூட்டன் விதிப்படியே எல்லாம் பின்னோக்கி ஓடுமே? 1877-இல் போல்ட்ஸ்மன் எண்ணிக்கையைக் காட்டினார். அணுக்கள் சுருளாக அமையும் வழிகள் கொஞ்சம். வெறும் பூச்சாக அமையும் வழிகளோ கணக்கிலடங்காதவை.

நல்ல பதில்தான், ஆனா பாதி. கையிலுள்ள அம்மோனைட்டுக்கு இதே கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்க. வெறும் தூள் தற்செயலா இப்படிக் கூடிடுச்சுன்னுதான் விடை வரும். இங்கே கடல் இருந்துச்சு, அதுல இது வாழ்ந்துச்சுன்னு வராது!

புதைபடிவத்தைச் சான்றா நம்பணும்னா, பிரபஞ்சம் மிக அபூர்வமான, குறைந்த என்ட்ரோபி நிலையில் தொடங்கியது என்பதையும் சேர்த்து ஏற்கணும். எண்ணிக்கை மட்டும் காலத்துக்குத் திசை தராது. அந்தத் தொடக்கம் ஏன் அப்படி இருந்தது என்பதுதான் இன்னும் தீராத மீதிப் பாதி.