மாடிக் கொட்டகையில் ஓர் இயந்திரம்

தாம்பரம், சேலையூர்ப் பக்கத்தில், மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் ஒருவர், கணினிக் கட்டளைப்படி பலகை செதுக்கும் சி.என்.சி. ரவுட்டரைத் தம் கையாலேயே கட்டுவதைக் காணும் பாக்கியம் வாய்த்தால், சற்று நின்று ரசிப்பது நலம்.

அருகே குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949-இல் எம்.ஐ.டி. கல்லூரியை ஸ்தாபித்து மூன்று ஆண்டு கழித்து, அதே சுருக்கப் பெயருடைய அமெரிக்கக் கலாசாலையில், எண்களின் கட்டளைக்கு இயங்கும் மில்லிங் இயந்திரம் எண்ணற்ற வால்வுகளோடு வெள்ளோட்டம் கண்டது. இன்று அந்த வால்வு மூளையின் உத்தியோகத்தை, ரிச்சி தெருவில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மின்சார ரயிலில் வரத்தக்க ஓர் ஆர்டுயினோ பலகை பார்த்துவிடுகிறது.

ஆயினும் விசேஷம் திருகுதண்டில்தான் இருக்கிறது. சுற்றுக்கு 200 படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார், சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் தண்டைத் திருப்புகையில், படிக்கு 0.04 மில்லிமீட்டர் என்ற கணக்கு காகிதத்தில் சுத்தமாகவே இருக்கும். நட்டில் மயிரிழை ஆட்டம் இருந்தாலோ, திசை மாறும் இடந்தோறும் வட்டத்தில் ஒரு தட்டை விழும். ஸ்பிரிங் வைத்த பித்தளை நட்டை மாட்டி, டயல் கேஜின் முள்ளைப் பார்த்தபடி, ஆட்டமும் போய் மோட்டாரும் திணறாத அந்த ஒரே நிலையை விரலால் தேடுவதில்தான் கட்டுபவரின் சாமர்த்தியம் தெரியும். சட்டத்துக்கு எம்.டி.எஃப். பலகை மலிவுதான்; ஆனால் ஐப்பசி ஈரத்தில் அது உப்பிவிடுமாதலால், கடன்பட்டாவது அலுமினியம் போடுவதே உசிதம் என்பது என் கட்சி.